வால்வு ரேடியோவைத் திறக்க வரும் தம்பிக்கு

மங்கலம்பேட்டைப் பக்கம் எந்தப் பழைய வீட்டுப் பரணில் மர்பி, பிலிப்ஸ், புஷ் என்று ஒரு பெட்டி கிடைத்தாலும், பையன்கள் செய்கிற முதல் வேலை பிளக்கைச் செருகுவதுதான். பல செட்டுகள் சாவதும் அந்த நொடியில்தான்.

1. செருகாதே. பல வருடம் சும்மா கிடந்த ஃபில்டர் கண்டன்சர் உள்ளுக்குள் காய்ந்திருக்கும். திடீரென்று கரண்ட் கொடுத்தால் ஷார்ட் ஆகி, ரெக்டிஃபையர் வால்வையும் டிரான்ஸ்பார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். முதலில் பின்மூடியைக் கழற்று. எலி கடித்த ஒயர், பொடியாக உதிரும் ரப்பர் உறை, பல்லி எச்சம், எல்லாவற்றையும் கண்ணால் பார்.

2. வால்வின் பெயரைப் படி. இசிஎச்81, இஎல்84 என்று 'இ'யில் தொடங்கினால் ஃபிலமென்ட் 6.3 வோல்ட், பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் செட். யுசிஎச்81, யுபிஎஃப்89, யுசிஎல்82, யுஒய்85 என்று 'யு' வரிசையாக இருந்தால் ஜாக்கிரதை. ஃபிலமென்ட்கள் எல்லாம் ஒரே தொடராக மெயின்ஸிலேயே ஓடும்; ஒன்று அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும். இந்த செட்டில் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே சேசிஸ் முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கலாம். ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் இதில் கை வைக்காதே.

3. சீரிஸ் பல்பு போர்டு ஒன்று செய்துகொள். 60 வாட் குண்டு பல்பு போதும். எல்இடி இதற்கு ஆகாது. செட்டை இந்த போர்டு வழியாகவே செருகு. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட். உடனே அணை.

4. அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் 250, 300 வோல்ட் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க வைப்பது வீரம் இல்லை. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில வினாடி வைத்து இறக்கு. பிறகு மீட்டரால் பார்த்து உறுதி செய்.

5. பாட்டு கரகரத்து, அவுட்புட் வால்வின் தகடு சிவந்தால் எடுத்ததுமே வால்வைக் குற்றம் சொல்லாதே. அதன் கிரிட்டுக்கு வரும் கப்ளிங் கண்டன்சரைப் பார். மெழுகுக் காகிதக் கண்டன்சர் என்றால் கசிந்தே இருக்கும். மீட்டரின் மைனஸை சேசிஸில் வைத்து கிரிட்டை அள. இஎல்84இல் அது 2வது கால். பூஜ்யம்தான் காட்ட வேண்டும். பிளஸ் ஒரு வோல்ட் காட்டினாலும் கோளாறு. செட்டை அணைத்து, கண்டன்சரின் ஒரு முனையைக் கழற்றி, மறுபடி போட்டுப் பார்: பிளஸ் போய்விட்டால் கண்டன்சர், அப்படியே நின்றால் வால்வு. 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சர் சில ரூபாய்தான். வெந்துபோன அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு எங்கே போவாய்?

6. வால்யூமைக் குறைத்தும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் குறையவில்லையா? ஃபில்டர் கண்டன்சர். வால்யூமோடு ஏறி இறங்கினால் வால்யூம் கன்ட்ரோலுக்கு முந்தின பகுதியில் தேடு.

7. ஐஎஃப் கேன் திருகுகளைத் தொடாதே. அவை தானாகக் கலைவதில்லை. கை அரிக்கிறவர்கள்தான் கலைக்கிறார்கள்.

8. ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்று, போட்டுப் பார், அப்புறம் அடுத்தது. ஐந்தை ஒன்றாக மாற்றியபின் புதுக்கோளாறு வந்தால் எதைச் சந்தேகிப்பாய்?

9. விருத்தாசலத்துப் பீங்கான் ப்யூஸ் கட்டையை நம் ஊரில் அறியாதவர் இல்லை. அதில் தடித்த கம்பியைச் சுற்றிவிட்டு ரேடியோவைச் சோதிக்காதே. செட்டுக்கென்று அரை ஆம்பியர் கண்ணாடி ப்யூஸ் தனியாகப் போடு.

10. கடைசியில் திருச்சி 936, சென்னை 720 கிலோஹெர்ட்ஸில் தேடு. இரைச்சல் மட்டும் வந்தால் வீட்டு எல்இடி விளக்குகளையும் போன் சார்ஜரையும் அணைத்துப் பார். பாதிப் புகார் அங்கேயே தீரும். மாற்றிய பாகங்களையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிப் பின்மூடியின் உட்புறம் ஒட்டிவிடு. அடுத்துத் திறக்கிறவருக்கு அது வேண்டும்.