பழைய வண்டியும் பழகிய கையும்

இந்திய நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய மோட்டார் வண்டிகளுள் அம்பாசிடர் தலைசிறந்தது. இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் பெயரோடு விளங்கிய வண்டியின் மூன்றாம் வரிசை அமைப்பைத் தழுவி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் இதனைச் செய்யத் தொடங்கினர். 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வுற்பத்தி நின்றது. ஆயினும் அங்குச் செய்யப்பட்ட வண்டிகள் யாவும் அன்றோடு நின்றுவிடவில்லை. பல வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றை ஓடச் செய்பவர் பட்டறைக்காரர் மட்டுமல்லர். பெரும்பாலும் அவற்றை உடையவர்களே.

உடையவரே வண்டியைப் பழுது பார்க்கும் இவ்வழக்கம் ஆசையினால் பிறந்தது அன்று, தேவையினால் பிறந்தது. அக்காலத்தில் நம் நாட்டில் கார் செய்த நிறுவனங்கள் மிகச் சில. எத்தனை வண்டிகள் செய்யலாம் என்பதற்கும் அரசாங்கத்தின் உரிமம் வேண்டியிருந்தது. பணம் கட்டியவரும் புதுவண்டிக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். இந்நிலையில் கையிலுள்ள வண்டியைக் கழித்துவிட யாருக்கு மனம் வரும்? தந்தை ஓட்டிய வண்டியை மகன் ஓட்டினான். தந்தை பழகிய ஸ்பானரையும் அவனே எடுத்துக்கொண்டான்.

வண்டியின் அமைப்பும் இதற்கு இடந்தந்தது. முன்மூடியைத் திறந்தால் நான்கு சிலிண்டர் எஞ்சின் நடுவே நிற்க, அதனைச் சுற்றிலும் கை நுழையப் போதிய இடம் இருக்கும். எந்தக் குழாய் எங்கே செல்கிறது, எந்தக் கம்பி எதனோடு சேர்கிறது என்பதைக் கண்ணாலேயே தொடர்ந்து அறியலாம். இக்காலத்துப் புதுவண்டிகளில் மின்னணுக் கருவிகள் செய்யும் வேலையைப் பழைய வண்டியில் ஒரு சிறு நெம்புகோலும் ஒரு சுருள்வில்லும் செய்தன. அவை தேய்வது உண்மையே; ஆனால் தேய்வதைக் கண்ணுக்குக் காட்டிவிட்டே தேயும்.

பழைய வண்டி முன்னறிவிப்பு இன்றி நின்றுவிடுவது அரிது. தரையில் ஒரு கறை, புதியதொரு ஓசை, எரிந்த ரப்பரின் நாற்றம், புகையின் நிறமாற்றம் ஆகியவற்றால் அது தன் குறையைப் பல நாள் முன்னரே கூறிக்கொண்டிருக்கும். இரவு முழுதும் நின்ற வண்டியின் அடியிலுள்ள கறையைத் தொட்டுப் பார்ப்பவர் பாதி நோயை அறிந்தவராவார். கறுத்து வழுவழுப்பாக இருப்பது எஞ்சின் எண்ணெய். நிறமற்று விரைவில் உலர்வது ரேடியேட்டர் நீர். சக்கரத்தின் உட்புறத்தில் மெல்லிய ஈரம் கசிந்திருந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அப்படியாயின் அவ்வண்டியை அன்று ஓட்டுதல் கூடாது. புகையும் இவ்வாறே பேசும். நீலநிறப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரும் வெண்புகை விடாது வந்தால் சிலிண்டருக்குள் நீர் புகுகின்றது என்று ஐயுறல் வேண்டும். அந்நிலையில் எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் சில சமயம் பால் கலந்த காப்பிபோல் வெளுத்திருக்கும்.

வண்டி ஓடாமல் நின்றால் பழகாதவர் பலவற்றையும் ஒருங்கே அவிழ்க்கத் தொடங்குவார். பழகியவர் முதலில் இரண்டே வினாக்களை எழுப்புவார். பெட்ரோல் வந்து சேர்கிறதா? தீப்பொறி உண்டாகிறதா? இவ்விரண்டும் சரியாயிருந்தால் பிறவற்றை மெல்ல ஆராயலாம். பெரும்பாலான பழுதுகள் இவ்விரண்டில் ஒன்றிலேயே அடங்கிவிடும்.

தீப்பொறியின் கதை சுவையானது. டிஸ்ட்ரிப்யூட்டர் என்னும் கருவிக்குள் பாயிண்ட் எனப்படும் இரு சிறு உலோகத் தொடுமுனைகள் உள்ளன. அவை ஒருமுறை பிரியும்போது ஒரு தீப்பொறி பிறக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால், அம்முனைகள் அந்த ஒரு நிமிடத்தில் 6,000 முறை பிரிந்து கூடும். இத்துணை உழைப்புக்குப் பின் அவை கரிந்தும் குழிந்தும் போவதில் வியப்பில்லை. மெல்லிய அரத்தால் அவற்றைத் தேய்த்துத் தூய்மை செய்து, அவை முழுதும் பிரிந்து நிற்கும் நிலையில் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்குமாறு அளவுத் தகட்டை வைத்துத் திருகுவர். அவ்விடைவெளி குறைந்தால் தீப்பொறி உரிய நேரத்திற்குப் பிந்தி எழும். வண்டி மேட்டில் திணறும். சரிசெய்த சில நாள்களிலேயே முனைகள் மீண்டும் கரிந்துவிட்டால் குறை அவற்றில் இல்லை. அருகிலிருக்கும் கண்டென்சரில் இருக்கின்றது எனலாம்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது எஞ்சினின் நாக்கைப் பார்ப்பது போன்றது. அதன் முனை இளம்பழுப்பாக இருப்பின் எஞ்சின் நலமாக உள்ளது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. ஈரமாகப் பிசுபிசுத்தால் எண்ணெய் மேலேறுகிறது. வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இவற்றை ஒருவர் எத்தனை புத்தகங்களில் படித்தாலும், நான்கு பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்கும் அன்றுதான் நன்கு விளங்கும். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. அம்பாசிடரில் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்னும் முறையில் எரிகின்றன. நான்கு கம்பிகளையும் ஒருங்கே பிடுங்கிவிட்டு, எது எங்கிருந்தது என்று திகைத்தவர் பலர். கம்பிகளில் முன்பே அடையாளம் இட்டுக்கொள்வோருக்கு அத்துன்பம் இல்லை.

பெட்ரோல் வராமையால் வண்டி நிற்பது கோடைக்காலத்தில் மிகுதி. நண்பகலில் மலைப்பாதையில் ஏறிய வண்டி திடீரென நின்றுவிடும், தொட்டியில் பெட்ரோல் நிறைந்திருக்கும், தீப்பொறியும் நன்றாயிருக்கும். இங்கு நிகழ்வது யாது? பெட்ரோலின் இலகுவான பகுதிகள் நீரைப்போல 100 பாகை வெப்பம் வரையில் காத்திருப்பதில்லை. மிகக் குறைந்த வெப்பத்திலேயே அவை ஆவியாகிவிடும். எஞ்சினின் பக்கத்தில் அமைந்த பெட்ரோல் பம்பு சூடேறியதும் குழாய்க்குள் ஆவி நிறைகின்றது. பம்பு நீர்மத்தைத் தள்ளவல்லது. ஆவியைத் தள்ள மாட்டாது. ஆதலால் வாடகை வண்டி ஓட்டுநர் பலர் ஒரு பழந்துணியும் ஒரு குப்பித் தண்ணீரும் எப்போதும் உடன் வைத்திருந்தனர். துணியை நனைத்துப் பம்பின்மேல் சுற்றிச் சற்று நேரம் மரநிழலில் அமர்ந்திருந்தால் வண்டி தானே கிளம்பும். பொருட்செலவு இல்லாத இவ்வைத்தியத்தை அறியாதார் அதே நேரத்தில் நல்ல கார்பரேட்டரைக் கழற்றிச் சாலையோரத்தில் பரப்பிக்கொண்டிருப்பர்.

ரேடியேட்டரின் இயல்பு வேறு. அதன் மூடி நீராவியின் அழுத்தத்தை அடக்கி வைத்திருப்பதால், உள்ளிருக்கும் நீர் 100 பாகைக்கு மேலும் கொதியாமல் இருக்கும். அம்மூடியை உடனே திறந்தால் அழுத்தம் நீங்கி நீர் முழுதும் ஒரே நொடியில் கொதித்துப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோவது இப்படித்தான். எஞ்சின் தணியும் வரையில் காத்திருக்கும் பொறுமை இங்கு மிக வேண்டப்படும் கருவி. மேலும் உப்புநீரை ஊற்றிவந்தால் கொதிகலத்தில் படிவதுபோல் எஞ்சினுக்குள்ளும் சுண்ணாம்பு படியும். ஆதலால் மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவோரும் உண்டு. காற்றாடியைச் சுழற்றும் பட்டையை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவு தாழ்வது போதும். அதற்கு மேல் தளர்ந்தால் காற்றாடி சோர்ந்து சுழலும்.

பாட்டரி வலுவிழந்த காலையில் அம்பாசிடரைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பலாம். இதற்கும் ஒரு முறை உண்டு. கியர் எதிலும் பொருந்தாமல் இருப்பதை முதலில் உறுதி செய்துகொள்ளல் வேண்டும். பிறகு கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக் கைப்பிடியைக் கீழிருந்து மேலாக இழுத்தல் வேண்டும். எஞ்சின் சில சமயம் எதிர்த்திசையில் உதைக்கும். கட்டைவிரலை வளைத்துப் பற்றியவரின் கையெலும்பு அப்போது முறியும். மேலிழுக்கும் கையோ தானே விடுபட்டுவிடும்.

இவ்வாறு கையால் செய்யத்தக்கவை பல. மசகு இடுவது அவற்றுள் எளியது. பலர் மறப்பதும் அதுவே. முன்சக்கரங்களைத் தாங்கும் மூட்டுகளில் கிரீஸ் செலுத்துவதற்கென்றே சிறு குமிழ்கள் வைக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை அவற்றுள் கிரீஸ் ஏற்றினால் மூட்டு பல்லாண்டு உழைக்கும். இரண்டு மழைக்காலம் மறந்துவிட்டால் திசைச் சக்கரம் தளர்ந்து, வண்டி தானாகவே சாலையின் ஓரத்தை நாடும். கதவுகளின் அடிப்பகுதியில் நீர் வடிவதற்காக உள்ள சிறு துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்து வைப்பதும் இத்தகையதே. கடற்காற்று வீசும் ஊர்களில் வண்டியை எஞ்சினைக் காட்டிலும் துருவே விரைவில் தின்றுவிடுகிறது.

ஆனால் பழகிய கைக்கும் எல்லை உண்டு. ஜாக்கியின்மேல் மட்டும் நிற்கும் வண்டியின் அடியில் ஒருவரும் புகுதல் தகாது. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கே உரியது. தாங்கி நிற்பதற்கு உரியது அன்று. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை இட்டு, உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை இறக்கிய பின்னரே அதன் அடியில் புகலாம். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவதும் கொடியது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தலைவலி வந்து உறக்கம் வந்தது போலவே உயிர் பிரிந்துவிடும்.

பிரேக்கின் செய்தி இன்னும் நுட்பமானது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேர அது குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்குகள் சூடேறி, எண்ணெய்க்குள் ஆவிக்குமிழ்கள் எழுந்தால் மிதிகட்டை தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வெண்ணெயை முழுதும் மாற்றுவதால் இவ்வாபத்து நீங்கும். எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பதும், கசிவை நோக்குவதும் உடையவருக்கு உரியன. பிரேக் சிலிண்டரைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை. கார்பரேட்டரில் பிழை நேர்ந்தால் வண்டி நிற்கும். பிரேக்கில் பிழை நேர்ந்தால் வண்டி நிற்காது. சிக்கனம் கருதி இவ்வேறுபாட்டைப் புறக்கணிப்போர் தம் உயிரோடு எதிரே வருவோரின் உயிரையும் பணயம் வைக்கின்றனர்.

காலம் மாறியதால் பழைய வண்டிகளுக்குப் புதிய நோய்களும் வந்துள்ளன. முற்காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது மனிதர்க்கு நஞ்சு. ஆனால் வால்வு அமரும் இடத்திற்கு ஒரு மெல்லிய காப்பாகவும் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் இந்தியாவெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. மக்கள் நலத்திற்கு அது மிக நன்று. ஆயினும் பழைய இரும்புத் தலைப்பகுதி கொண்ட எஞ்சின்களில், நெடுந்தொலைவு விரைந்து ஓடினால் வால்வின் இருக்கை மெல்லத் தேய்ந்து உட்சென்றது. வால்வின் இடைவெளி அடிக்கடி குறைவதைக் கண்டவர்கள் காரணத்தை ஆராய்ந்து, பட்டறையில் கடினமான உலோக வளையங்களைப் பொருத்திக்கொண்டனர்.

அடுத்து வந்தது எத்தனால். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவியது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. பல திங்கள் ஓடாமல் நிற்கும் வண்டியின் தொட்டியில் நீர் சேர்ந்து துருப்பிடிக்க அது வழிசெய்யும். எத்தனாலை எதிர்பாராமல் முற்காலத்தில் செய்யப்பட்ட ரப்பர்க் குழாய்கள் அதனால் உப்பியும் மென்மையாகியும் வெடிப்புறும். குழாயை விரலால் அழுத்திப் பார்த்தால் நலமுள்ளது உடனே நிமிர்ந்துவிடும். கெட்டதோ குழைந்து கிடக்கும் அல்லது கீறல் காட்டும். கசியும் பெட்ரோல் சூடான புகைக்குழாயின்மேல் விழுந்தால் வண்டி முழுதும் தீப்பற்றும். ஆகையால் பழைய வண்டியை வைத்திருப்போர் எத்தனாலைத் தாங்கும் புதுக்குழாய்களைப் பொருத்திக்கொள்கின்றனர். நாள்தோறும் முன்மூடியைத் திறந்ததும் முதலில் மூக்கால் ஆராய்கின்றனர். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே பெட்ரோல் வாடை வீசுமாயின், அன்று வண்டி கொட்டகையை விட்டு வெளியே வருவதில்லை.