கேக் ஆர்டர் ரத்தானால் யார் பணம், எவ்வளவு?



வீட்டிலிருந்தே சின்னதாகத் தொழில் செய்யும் குடும்பங்கள் நம்மில் நிறைய. ஒரு வீட்டில் அம்மா முறுக்கு சுட்டு விற்பார். இன்னொரு வீட்டில் அக்கா மருதாணி போடுவார். எங்கள் வீட்டில் கேக். பந்திங்கில் ஒரு தாமானில் இருக்கிறோம். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அப்பாவுக்கு வேலை நேரம் குறைந்தது. அப்போதுதான் அம்மா முட்டையில்லாத கேக் செய்து அக்கம்பக்கத்துக்கு விற்க ஆரம்பித்தார். இன்று மாதம் 12 ஆர்டர் வருகிறது. நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. சனி ஞாயிறு வீட்டுக்கு வந்தால் ஆர்டர் போனைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

கடைசி நேரத்தில் ஆர்டர் ரத்தானால் என்ன செய்வது என்பதுதான் இந்தப் பாடம். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. இரண்டு தவறுகளில் படித்தேன். இரண்டாவது தவறு என்னுடையது.

முதல் தவறு

ஒரு சனிக்கிழமை. 2 கிலோ சாக்லேட் கேக், விலை 180 வெள்ளி. மாலை 5 மணிக்கு வந்து எடுப்பதாகப் பேச்சு. 3.40-க்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "அக்கா சாரி, பார்ட்டி கேன்சல்." அவ்வளவுதான். போன் பண்ணினால் எடுக்கவில்லை.

நாங்கள் முன்பணம் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று அம்மாவிடம் கோபமாகக் கேட்டேன்.

"தெரிஞ்சவங்க தம்பி. கோயில்ல தினம் பாக்கிற முகம். அவங்ககிட்ட எப்படிப் போயி முன்பணம் குடுங்கன்னு கேக்கிறது?"

கேக்கின் மேல் யாரோ ஒரு பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது. அதை யாருக்கும் விற்க முடியாது. நான்கு நாள் நாங்களே சாப்பிட்டோம். மூன்றாவது நாள் அப்பா, "எனக்கு வேணாம்மா" என்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். அம்மா எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது தவறு

அன்று இரவே நான் ஒரு அறிவிப்புப் படம் செய்தேன். சிவப்பு எழுத்து. "50% முன்பணம் கட்டாயம். எந்தக் காரணத்துக்கும் பணம் திருப்பித் தரப்படாது." அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் ஒரு அக்கா 180 வெள்ளி கேக்குக்கு 90 வெள்ளி முன்பணம் கட்டியிருந்தார். சனிக்கிழமை பிறந்தநாள். வியாழன் இரவு 11 மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. அவருடைய பாட்டி தவறிவிட்டார், கேக் வேண்டாம் என்று. நான் தூக்கக் கலக்கத்தில் இருந்தேன். பதிலாக அந்தச் சிவப்புப் படத்தை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். ஒரு ஆறுதல் வார்த்தைகூட எழுதவில்லை.

மறுநாள் அம்மா துக்க வீட்டுக்குப் போனார். அங்கே அந்த அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லையாம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். வீட்டுக்கு வந்து போனை எடுத்துப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

"நான் அவங்க வீட்டு வாசல்ல நிக்கிறப்ப, நம்ம போன்ல இது இருந்திருக்கு. அது தெரியாம நான் ஆறுதல் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றுதான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

ஒரு கேக்கின் செலவு எப்போது ஏறுகிறது?

180 வெள்ளி கேக் ஒன்றின் கணக்கை நாள் வாரியாக எழுதினேன். அம்மாவின் உழைப்பையும் சேர்த்தேன். 2025 பிப்ரவரியில் நம் நாட்டில் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. மணிக்குப் பார்த்தால் 8 வெள்ளிக்குச் சற்று மேல். அதனால் அம்மாவின் ஒரு மணி நேரத்துக்கு 8 வெள்ளி என்று வைத்தேன்.

திங்கள், செவ்வாய்: செலவு எதுவும் இல்லை.

புதன்: பெயர் வெட்டிய அக்ரிலிக் அட்டைக்கு ஆர்டர் கொடுப்போம். 18 வெள்ளி.

வெள்ளி மாலை: கேக் சுடுவது. மாவு, கோக்கோ, வெண்ணெய் 30, மின்சாரம் 4, அம்மாவின் 2 மணி நேரம் 16. இதுவரை மொத்தம் 68.

வெள்ளி இரவும் சனி காலையும்: கிரீம், அலங்காரம். பொருள் 28, பெட்டியும் அடி அட்டையும் 9, அம்மாவின் 4 மணி நேரம் 32. மொத்தம் 137.

இப்போது என் இரண்டு தவறுகளையும் இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். முதல் ஆர்டரில் எங்களுக்கு 137 வெள்ளி நட்டம், கையில் வந்தது சுழியம். இரண்டாவது ஆர்டர் வியாழன் இரவு ரத்தானது. அப்போது ஆகியிருந்த செலவு அந்த அட்டைக்கான 18 வெள்ளி மட்டும். மாவையும் வெண்ணெயையும் அடுத்த கேக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் பிடித்து வைத்தது 90. அதில் 72 வெள்ளி எங்களுடையதே இல்லை.

முதல் தடவை கூச்சம், இரண்டாவது தடவை கோபம். இரண்டுக்கும் அடியில் இருந்த குறை ஒன்றுதான்: இந்த நிமிடம் வரை எவ்வளவு செலவாகியிருக்கிறது என்ற எண் எங்கள் கையில் இல்லை.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது

நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இந்தியாவின் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. வாய்ப்பேச்சும் வாட்ஸ்அப் செய்தியும்கூட ஒப்பந்தம் ஆகலாம். "திருப்பித் தரமாட்டோம்" என்று போட்டுவிட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், அதைத் தாண்டாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. முன்பணத்தைப் பிடித்து வைப்பதற்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 74-ஆம் பிரிவின் விளக்கம் இன்னொன்றையும் பார்க்கச் சொல்கிறது: நட்டத்தைக் குறைக்க வழி இருந்ததா? அதாவது கேக்கை வேறு ஒருவருக்கு விற்க முடிந்திருந்தால், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

90 வெள்ளிக்காக யாரும் நீதிமன்றம் போகப் போவதில்லை. ஆனால் நியாயம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள், 120-ஆவது, வணிகரைப் பற்றியது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதுதான் வணிகருக்கு வணிகம் என்பது அதன் கருத்து. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனனம் செய்தேன். அந்த 72 வெள்ளியை வைத்துக்கொண்டுதான் அதன் பொருள் புரிந்தது.

எங்கள் புதிய விதிகள்

சிவப்புப் படத்தை அழித்துவிட்டு, அம்மாவும் நானும் சேர்ந்து புதிதாக எழுதினோம்.

1. பாதிப் பணம் வந்த பிறகுதான் ஆர்டர் உறுதி. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் இதே விதி.

2. செவ்வாய் இரவுக்குள் ரத்து செய்தால் முழுப்பணமும் திரும்பும். அதன் பிறகு வெள்ளி மதியம் வரை ரத்து செய்தால், அதுவரை ஆன செலவைக் கழித்து மீதி திரும்பும். கணக்கையும் அனுப்புவோம்.

3. வெள்ளி மதியம் 12 மணிக்குள் மீதிப் பணம் வர வேண்டும். வந்த பிறகுதான் அடுப்பு எரியும்.

4. அதற்குப் பிறகு ரத்து செய்தால் கேக் உங்களுடையது. வந்து எடுக்கலாம், வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லலாம். விற்கச் சொன்னால் விற்றுப் பார்ப்போம், விற்ற பணம் உங்களுக்கே.

மூன்றாவது விதிதான் முக்கியம். வீடு கட்டும் குத்தகைக்காரர் முழுப்பணத்தையும் முதல் நாளே வாங்க மாட்டார், கடைசி நாள்வரை காத்திருக்கவும் மாட்டார். அடித்தளம் முடிந்தால் ஒரு பங்கு, கூரை ஏறினால் ஒரு பங்கு. பணம் வரும் நாளும் செலவு ஏறும் நாளும் ஒட்டிப் போக வேண்டும். எங்கள் கணக்கில் செலவு 90 வெள்ளியைத் தாண்டுவது வெள்ளி இரவில். அதற்கு முன்னால் மீதிப் பணம் வந்துவிடுகிறது.

"கேக்கிறதுக்கு கூச்சமா இருக்கு" என்று சொன்ன அம்மாவுக்கும் இது சுலபமானது. இப்போது அவர் யாரிடமும் தனியாகக் கேட்பதில்லை. ஆர்டர் சொல்லும்போதே நான்கு வரியும் போய்விடும். கீழே டூயிட்நவ் கியூஆர் படம்.

பெயரைக் கடைசியில் வை

வகுப்பில் ஒரு பாடம் படித்தேன். இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் ஸ்வெட்டர்களைச் சாயம் போடாமல் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்த பிறகு சாயம் போட்டது. ஒரு பொருளை ஒருவருக்கு மட்டுமே உரியதாக்கும் வேலையை முடிந்தவரை தள்ளிப்போட வேண்டும் என்பது அந்த உத்தி.

கேக்கில் அந்தச் சாயம் எது? பெயர்தான். பெயர் இல்லாத சாக்லேட் கேக்கை யாரும் வாங்குவார்கள். அதனால் இப்போது அம்மா பெயரைக் கேக்கின் மேல் எழுதுவதில்லை. வெள்ளைச் சாக்லேட்டில் சின்னத் தகடு செய்து அதில் எழுதி, ஆள் வந்து எடுக்கும்போது மேலே வைக்கிறார். அக்ரிலிக் அட்டை வேண்டும் என்பவர்கள் அந்த 18 வெள்ளியைத் தனியாகக் கட்டுகிறார்கள், அது திரும்பாது.

கிரீம் தடவாத கேக்கை நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். கிரீம் தடவிய பிறகு அந்த வசதி இல்லை. நம் ஊர் வெயிலில் வெளியே வைக்கவே முடியாது, குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டும். அதனால் முடித்த கேக் ரத்தானால் உடனே தாமான் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறோம். முழுசாகப் போகாவிட்டால் துண்டு போட்டுப் பெட்டியில் விற்கிறோம்.

விதிக்கு வெளியே ஒன்று

நம் குடும்பங்களில் ஒரு துக்கம் நடந்தால் தீட்டு. பிறந்தநாள், நிச்சயதார்த்தம் எல்லாம் நின்றுவிடும். இதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. இதற்கு என்ன விதி எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சாவு வீட்டுக்கு விதி எழுதாதே தம்பி. முதல்ல ஆறுதல் சொல்லு. பணத்தைப் பத்தி பதினாறாம் நாள் கழிச்சுப் பேசு. அப்பவும் நாமதான் திருப்பிக் குடுக்கணும்."

சரி, ஆனால் அந்த நட்டத்தை யார் தாங்குவது? அதற்கு ஒரு மைலோ டின் வைத்தோம். ஒவ்வொரு ஆர்டரிலும் 3 வெள்ளி அதில் போகும். மாதம் 12 ஆர்டர் என்றால் 36 வெள்ளி, நான்கு மாதத்தில் 144. முழுதாக முடித்த ஒரு கேக்கின் நட்டமான 137 அதற்குள் அடங்கிவிடும். காப்புறுதி என்பதும் இதுதானே. இரக்கம் காட்டுவதற்கும் ஓர் இருப்பு இருந்தால், அம்மா கையைப் பிசையாமல் காட்டலாம்.

அந்த அக்காவின் 90 வெள்ளியையும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு உறையில் போட்டுக் கொண்டு போனோம். நானும் போனேன். "அன்னிக்கு அனுப்பினது நான்தான்கா. மன்னிச்சிடுங்க" என்றேன். "தெரியும்பா, அம்மா அப்படி அனுப்ப மாட்டாங்க" என்றார். அதற்குமேல் எதுவும் பேசவில்லை. தேநீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தோம். அவர் வீட்டில் ஓராண்டுக்குக் கொண்டாட்டம் இல்லை. மறுபடி எங்களிடம் ஆர்டர் கொடுப்பாரா என்று இன்னும் தெரியாது.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் முறுக்கு, பூமாலை, மருதாணி, டியூஷன் எதுவானாலும் சரி, ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்.

ஆர்டர் வந்த நாளிலிருந்து கொடுக்கும் நாள்வரை, எந்த நாளில் எவ்வளவு செலவு ஏறுகிறது? அம்மாவின், அக்காவின் நேரத்துக்கும் விலை போட்டீர்களா?

திருப்பி எடுக்க முடியாத செலவு எந்த நிமிடத்தில் தொடங்குகிறது? பணம் அதற்கு முன் வருகிறதா?

ஒருவருக்கு மட்டும் உரியதாக்கும் வேலை எது? அதைக் கடைசிக்குத் தள்ள முடியுமா?

துக்கம் என்று ஒரு செய்தி வந்தால் முதல் வரியாக என்ன எழுதுவீர்கள்? அதை இன்றே எழுதிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு 11 மணிக்கு யோசிக்க வராது.