சட்டை விலையை ஏற்றுவது விவசாயியா?

ஜவுளிக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை: “பருத்தி விவசாயிக்கு நியாய விலை கொடுத்தால் அப்புறம் சட்டையை யாராலும் வாங்க முடியாது.” கணக்குத் தெரிந்தவர்களே இப்படிச் சொல்வதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. ஆலைக் கணக்கையே போட்டுப் பார்த்துவிடுவோம்.

150 கிராம் எடையுள்ள டி-ஷர்ட்டுக்கு, நூற்பிலும் வெட்டிலும் போகும் கழிவைச் சேர்த்தாலும், 200 கிராமுக்குச் சற்று மேல் பஞ்சு போதும். நம் நாட்டில் 100 கிலோ பருத்தியை அரைத்தால் 33, 34 கிலோ பஞ்சு தேறும். மிச்சம் பெரும்பாலும் கொட்டை. ஆக, ஒரு டி-ஷர்ட்டுக்குச் சுமார் 650 கிராம் பருத்தி. 2024-25இல் நீண்ட இழைப் பருத்திக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,521 ரூபாய். அந்த விலை முழுதாகக் கிடைத்தாலே விவசாயிக்கு வருவது 49 ரூபாய்தான். அதை 20 சதவீதம் கூட்டுங்கள்: ஏறுவது 10 ரூபாய்! விவசாயிக்குக் குறைந்தபட்ச விலையை உறுதி செய்யும் நியாய வணிக முறையில், அந்த விலைக்கு மேல் விவசாயிகள் சங்கத்துக்குத் தனியாகத் தரும் பிரீமியம், கிலோ பருத்திக்கு 5 யூரோ சென்ட் என்று வகுக்கப்பட்டது. ஒரு டி-ஷர்ட்டுக்கு அது மூன்று ரூபாய்ச் சொச்சம்.

500 ரூபாய் டி-ஷர்ட் 510 ஆனால் எந்தக் கடை மூடப்படும்? இடையில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பத்து ரூபாய்மேலும் சதவீத லாபம் வைத்தால் அது முப்பதாகலாம். அது வியாபாரிகளின் பழக்கம். அந்தப் பழியை விவசாயிமேல் போடாதீர்கள். சாயம், தையல், கப்பல், கடை வாடகை, விளம்பரம் என்று போகும் மீதிப் பணத்தைப் பற்றி வாய் திறக்காமல், 49 ரூபாய் வாங்குகிறவரைக் கை காட்டுவது அநியாயம்.

நியாய வணிகத்தைப் பற்றிய மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம்.

“இது தர்மம்.” இல்லை, வியாபாரம். சந்தை விழுந்தாலும் குறைந்தபட்ச விலைக்குக் கீழே போகக் கூடாது. சந்தை ஏறினால் ஏறிய விலையைத்தான் கொடுக்க வேண்டும். பிரீமியத்தை எப்படிச் செலவிடுவது என்பதை உறுப்பினர்களே கூடி முடிவு செய்கிறார்கள். மாலி நாட்டுச் சங்கங்கள் அதில் வகுப்பறையும் கிடங்கும் கட்டியிருக்கின்றன.

“சந்தையே சரியான விலையைக் கொடுத்துவிடும்.” அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குக் கொட்டும் மானியம் உலக விலையைக் குலைக்கிறது என்று பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கு நாடுகள் 2003இலேயே உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. அதே மானியத்தை எதிர்த்து வழக்காடி வென்ற பிரேசிலுக்கு, 2014இல் அமெரிக்கா 30 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது.

“நியாய வணிக முத்திரை கிடைத்தால் விளைச்சல் முழுவதும் அந்த விலைக்குப் போகும்.” போகாது. வாங்க ஆள் இருக்கும் அளவுக்குத்தான் போகும். மிச்சம் சாதாரணச் சந்தைக்கே.

“நியாய வணிகமும் இயற்கை வேளாண்மையும் ஒன்று.” இரண்டும் வேறு வேறு சான்று. ஆனால் மரபணு மாற்றிய விதைக்கு இரண்டிலும் தடை. இந்தியப் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திதான். விதைக் கடையில் வேறு ரகம் கேட்டால் இல்லை என்கிறார்கள். பிறகு சிறு விவசாயி எப்படி இந்தச் சந்தைக்குள் நுழைவார்? வேளாண் பல்கலைக்கழகங்கள் பி.டி. அல்லாத ரகங்களையும், நம் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியையும் பெருக்கி, விதைப்புக்கு முன்பே கைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். விதை இல்லாமல் முத்திரையால் பயனில்லை.

பள்ளி, கல்லூரி, அலுவலகத்துக்கு மொத்தமாகச் சட்டை வாங்குகிறவர்களே, அடுத்த ஆர்டரில் நியாய வணிகப் பருத்தி வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பருத்திக்காக ஏறுவது சட்டைக்குப் பத்து ரூபாய்தான்.