அக்கோடியனில் மெட்டு வாசிப்போருக்கு



இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டத்துக் கோயில்கள் பலவற்றில் இன்று மின்சாரக் கீபோட் வந்துவிட்டது. எனினும் மழைக்கு மின்சாரம் நின்றுபோகும் மாலைகளிலும், சொரூபத்தின் பின்னால் லயம் லயமாக நடந்து பாடும் வேளைகளிலும் அக்கோடியனுக்கு ஈடாக வேறொன்றில்லை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு எந்த மேட்டிலும் ஏறலாம்.

ஆனால் நம்மில் பலர் வாசிக்கும்போது பாட்டுக் கேட்பதில்லை, கட்டைகள்தான் கேட்கின்றன. விரல்கள் ஓடுகின்றன, சுரங்களும் பிழையின்றி விழுகின்றன. ஆயினும் மெட்டுக்கு உயிர் வருவதில்லை. உடனே விரலுக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்று எண்ணுகிறோம். குறை விரலில் இல்லை, இடது கையில் இருக்கிறது.

இந்த வாத்தியத்துக்கு 1829-ஆம் ஆண்டு வியன்னா நகரில் சிரில் டெமியன் என்பவர் உரிமம் பெற்றார். ஒரு பொத்தானை அழுத்தினால் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் 'கோர்ட்' வருவதனாலேயே அக்கோடியன் என்ற பெயரும் வந்தது. உள்ளே இருப்பவை உலோக நாக்குகள். அவற்றை அதிர வைப்பது துருத்தியின் காற்று. கட்டையை எவ்வளவு பலமாகக் குத்தினாலும் ஒலி பெருகாது. ஒலியைப் பெருக்குவதும் குறைப்பதும் துருத்தியை இழுக்கும், தள்ளும் கை மட்டுமே.

ஆர்மோனியத்தில் பழகி வந்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆர்மோனியத்தில் நாம் அடிக்கும் காற்று முதலில் உள்ளே உள்ள இன்னொரு துருத்தியில் தங்கி, பிறகே நாக்குகளுக்குப் போகிறது. ஆகவே கை சற்று முன்பின்னாக அசைந்தாலும் ஒலி பெரிதும் கெடாது. அக்கோடியனில் அப்படி இடையில் தங்கும் இடமில்லை. கை குலுங்கினால் பாட்டும் குலுங்கும்.

முதலில் உட்காரும் முறையைச் சரிசெய்யுங்கள். துருத்தி இடது தொடையில் தங்கவேண்டும். கட்டைப் பலகையின் கீழ்நுனி வலது தொடையின் உட்புறத்தில் பட்டு நிற்கவேண்டும். இடது தோள்வாரை மற்றதைவிடச் சிறிது குறுக்கிக்கொள்ளுங்கள். இடது மணிக்கட்டின் மேல் வரும் வார் தளர்ந்திருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது.

இனி ஒரே ஒரு கட்டை. பால்வெட்டு முடிந்து வந்து இளைப்பாறிய பின், அல்லது மழையால் வெட்டு இல்லாத காலையில், 'ச' ஒன்றை மட்டும் பிடித்து எட்டு எண்ணும்வரை திறவுங்கள், எட்டு எண்ணும்வரை மூடுங்கள். திறக்கும்போது பெட்டியின் பாரமே கைக்கு உதவும். மூடும்போது நாமே தள்ளவேண்டும். அங்கேதான் ஒலி தடிக்கும் அல்லது நடுங்கும். இரண்டும் ஒன்றுபோல் கேட்கும்வரை விடாதீர்கள். பிறகு மெல்லத் தொடங்கி எட்டில் உரத்து முடியுங்கள். அடுத்து உரத்துத் தொடங்கி மெல்ல முடியுங்கள். ஒரு வாரம் இதையே செய்தால் வீட்டார் முகம் சுளிப்பார்கள். பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது மூச்சு. பாட்டின் சொற்களை ஒரு தாளில் எழுதி, நன்றாகப் பாடும் பெரியவர் ஒருவரைப் பாடச் சொல்லி, அவர் மூச்சு வாங்கும் இடங்களில் கோடு போடுங்கள். துருத்தி திரும்பவேண்டிய இடங்கள் அவையே. 'தாயே' என்ற சொல்லில் 'தா'வுக்கும் 'யே'க்கும் நடுவில் துருத்தியைத் திருப்பினால் சொல் இரண்டாக முறியும். அடி முடியும் முன் காற்று தீர்ந்துவிடும்போலத் தெரிந்தால், முந்திய கோட்டிலேயே காற்றுப் பொத்தானை அழுத்தி ஓசையின்றித் துருத்தியை வேண்டிய அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குறில் நெடிலையும் விரல் அறிந்திருக்கவேண்டும். 'மலை'யை நீட்டிப் பிடித்தால் அது 'மாலை' ஆகிவிடும்.

கமகம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கட்டை வாத்தியத்தில் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிப் போக இயலாது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்கு இடங்கொடாமல் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காகக் கட்டைகளை உருட்டி உருட்டிக் கமகம்போல் காட்ட முயல்வது வீண். கீழ்ச் சுரத்தை ஒரு கணம் தொட்டு மேலேறுங்கள். ஏறிய சுரத்தைத் துருத்தியால் சற்றே பெருக்கித் தணியுங்கள். அவ்வளவு போதும். மிச்சத்தைக் குரல் செய்யும்.

இதை நான் ஒரு தவக்கால வெள்ளிக்கிழமையில்தான் படித்தேன். ஒரு றப்பர்த் தோட்டத்துச் சிறு கோயிலில் வயதான ஆச்சி ஒருவர் வியாகுலப் பாடலைத் தொடங்கினார். அடியின் ஈற்றில் அவர் இழுத்து நெளித்துப் பாடும் முறை அவருடைய தாயிடமிருந்து வந்தது. நான் ஒவ்வொரு சுரத்தையும் உரக்க வாசித்து, தாளத்துக்குள் அவரை நெருக்கினேன். மூன்றாம் அடியில் ஆச்சி வாயை மூடிக்கொண்டார். மற்றவர்கள் என்னைப் பின்பற்றிப் பாடி முடித்தார்கள்; ஆனால் பாடப்பட்டது அந்தப் பாட்டு அல்ல. இத்தகைய பாடல்களில் சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். ஈற்றில் அவர்கள் வந்து சேரும் சுரத்தில் நீங்களும் போய்ச் சேருங்கள்.

சுருதிக்கு இடது கைப் பொத்தான்கள் வசதியானவை. ஒரே வரிசையில் அடுத்தடுத்த பொத்தான்கள் ஐந்தாம் சுரமாக அமைந்திருப்பதால் 'ச'வும் 'ப'வும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். ஒரு கட்டைச் சுருதிக்குரிய பொத்தானில் சிறு குழி இருக்கும். பார்க்காமலே தடவி அறியலாம். கோர்ட் பொத்தான்களில் மட்டும் அவதானமாயிருங்கள். சரளி வரிசை பழகும் மாயாமாளவகௌளையில் உள்ளது சுத்த ரிஷபம். 'ப'வுக்குரிய மேஜர் கோர்ட்டை அழுத்தினால் அதற்குள் சதுஸ்ருதி ரிஷபம் ஒலித்து இராகத்தோடு மோதும். மெட்டு கெட்டுவிட்டது என்று வலது கையைத் திட்டுவோம், குற்றவாளி இடது கையாயிருக்கும்.

எல்லாப் பாட்டையும் ஒரு கட்டையிலேயே வாசிப்பதும் நம்மவரிடம் உள்ள பழக்கம். அது கைக்கு எளிது, பாடுவோர் தொண்டைக்கு அல்ல. ஒரே மெட்டை இரண்டு கட்டையிலும் நான்கு கட்டையிலும் பழகி வையுங்கள். கேட்டுப் பழக, எம். எஸ். விஸ்வநாதனின் குழுவில் மங்களமூர்த்தி வாசித்த அக்கோடியனைத் தேடிக் கேளுங்கள். விரலின் வேகத்தை விட்டு, ஒரு சுரம் எப்படித் தொடங்கி எப்படி ஓய்கிறது என்று கவனியுங்கள்.

கடைசியாக நம் பகுதி மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அந்த ஈரத்தில் உருக்கு நாக்குகள் துருப்பிடிக்கும். அவற்றின் மேலுள்ள தோல் துண்டுகள் சுருளும். பெட்டியைச் சிமெந்துத் தரையில் வைக்காதீர்கள். ஈரம் போகட்டும் என்று அடுப்போரத்திலும் வைக்காதீர்கள், நாக்குகளை ஒட்டியுள்ள மெழுகு இளகிவிடும். ஒவ்வொரு சுரத்துக்கும் திறக்கும்போது ஒரு நாக்கும் மூடும்போது வேறொரு நாக்கும் ஒலிக்கின்றன. ஆகையால் ஒரு கட்டை ஒரு பக்கம் மட்டும் பேசி மறுபக்கம் ஊமையானால், அந்தப் பக்கத்து நாக்கையோ தோலையோ பார்க்கவேண்டும். அதில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.