நித்திரைக் குளிசையை இடையில் நிறுத்தலாமா?

நலன்புரி நிலையத்தில் இருந்த காலத்தில் உங்கள் வீட்டில் யாருக்காவது டயசிபாம் குளிசை தரப்பட்டிருக்கலாம். சிலர் அதை 'வேலியம்' என்பார்கள். பெரும்பாலோருக்கு அது 'நித்திரைக் குளிசை'. 1963 முதல் பதற்றம், நித்திரையின்மை, வலிப்பு ஆகியவற்றுக்குப் பாவனையில் உள்ள மருந்து இது.

ஊர் திரும்பிய கையோடு காணி துப்புரவாக்க வேண்டும், கொட்டில் போட வேண்டும். கிளினிக்கும் தூரம். குளிசை முடிந்ததும் "இனி வீட்டுக்கு வந்திட்டம்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். இதுதான் ஆபத்து. சில கிழமைகளுக்கு மேல் தினமும் குடித்தவரின் உடல் அதற்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் நித்திரை போகும், கை நடுங்கும், வியர்க்கும், பதற்றம் முன்னரிலும் கூடும். முன்பு வலிப்பே வராத சிலருக்கும் வலிப்பு வரலாம். டயசிபாம் உடலைவிட்டு மெதுவாகவே நீங்குவதால் இவை சில நாள் கழித்துத்தான் தெரியும். அப்போது குளிசையின் நினைவு யாருக்கும் வராது. பாழடைந்த வளவில் காத்துக்கறுப்பு பட்டுவிட்டது என்று நூல் கட்டப் போவார்கள்.

ஆகவே புறப்படும் முன் கிளினிக் கொப்பியைக் கையில் எடுங்கள். குளிசை முடிய முன்னரே ஊருக்கு அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் அதைக் காட்டுங்கள். நிறுத்துவதானால் வைத்தியர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார். அதற்குக் கிழமைகள் எடுக்கும். வலிப்புக்குத் தினமும் குடிக்கும் மற்றக் குளிசைகளையும் நீங்களாக நிறுத்தக்கூடாது.

காணாமற்போன பிள்ளையை நினைத்து விழித்திருக்கும் தாய்க்கு இக்குளிசை சில இரவுகளை இலகுவாக்கும், துயரத்தை ஆற்றாது. வருடக்கணக்காகக் குடிப்பதற்கான மருந்தும் அல்ல. வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் மனம்விட்டுப் பேசலாம். அங்கு போவது பைத்தியம் என்பதற்கு அடையாளமல்ல.

பக்கத்து வீட்டாருக்கு நித்திரை இல்லையென்று உங்கள் குளிசையைக் கொடுக்காதீர்கள். கள்ளு, சாராயத்துடன் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். பிரிட்டன் குளிசையுடன் சேர்ந்தாலும் மயக்கம் கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். குடித்த மறுநாள் காலையிலும் தூக்கக் கலக்கம் இருக்கும். உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம். கட்டில்லாத கிணறுகள் பல வளவுகளில் பற்றைக்குள் மறைந்து கிடக்கின்றன, கவனம்.

யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் கரண்டியோ தண்ணீரோ குளிசையோ வைக்காதீர்கள். கையில் திறப்பைக் கொடுப்பதால் வலிப்பு நிற்காது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.