கம்பியும் இல்லை, டைம்டேபிளும் இல்லை!

தென்மேற்கு பிரான்சில் அஜான் என்ற ஊரில் 1947-ல் பிறந்தவர் அலேன் ஆஸ்பே. கல்லூரிப் படிப்பு முடிந்ததும் 1971 முதல் மூன்றாண்டுகள் ஆப்பிரிக்காவின் காமரூனில் ஆசிரியராக இருந்தார். குவாண்டம் இயற்பியலை அங்கே ஓய்வு நேரத்தில் தாமே படித்துத் தேர்ந்தார்.

அப்போது ஒரு பழைய வழக்கு தீராமல் இருந்தது. ஒன்றாகப் பிறந்த இரண்டு ஒளித்துகள்கள் எவ்வளவு தூரம் பிரிந்தாலும், அவற்றை அளந்தால் விடைகள் ஒத்துப்போகும் என்றது குவாண்டம் கொள்கை. அது எப்படி?

ரயில்வே வழக்கில் சொல்கிறேன். இரண்டு ஸ்டேஷன்கள் ஒத்து நடக்க இரண்டே வழிகள். ஒன்று, நடுவே தந்திக் கம்பி. மற்றது, இருவர் கையிலும் முன்பே அச்சிட்ட டைம்டேபிள். ஒளித்துகள்களிடமும் டைம்டேபிள் இருக்க வேண்டும், கொள்கைதான் அதைச் சொல்லாமல் குறைபட்டு நிற்கிறது என்று 1935-ல் ஐன்ஸ்டைன் வாதிட்டார். நீல்ஸ் போர் மறுத்தார்.

1964-ல் ஜான் பெல் இதை அளக்கக்கூடிய கேள்வியாக மாற்றினார். டைம்டேபிள் மட்டும் இருந்தால், ஒத்துப்போவதைக் குறிக்கும் ஓர் எண் 2-ஐத் தாண்டாது. குவாண்டம் கணக்கிலோ அது ஏறக்குறைய 2.8 வரை போகலாம்.

இதைச் சோதிக்க விரும்பிய ஆஸ்பே 1975-ல் ஜெனீவா சென்று பெல்லைச் சந்தித்தார். பெல் முதலில் கேட்டது, நிரந்தர வேலை இருக்கிறதா என்பதுதான். இது தத்துவ விசாரம், பிழைப்புக்கு ஆகாது என்று பலர் ஒதுக்கிய காலம் அது. ஆஸ்பேக்கு வேலை இருந்தது. 

பாரிசுக்கு அருகே ஓர்சேயில் அவரும் சகாக்களும் பல ஆண்டுகள் உழைத்துக் கருவியை அமைத்தனர். லேசர் பட்ட கால்சியம் அணுக்கள் ஜோடி ஜோடியாக ஒளித்துகள்களை உமிழ்ந்தன. இருபுறமும் 6 மீட்டர் தூரத்தில் அளவிகள். 1982-ல் கிடைத்த எண் 2.70!

கம்பி இருக்கலாமே என்ற சந்தேகம் மிச்சம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி செல்ல 40 நானோ வினாடி ஆகும். எனவே, துகள்கள் புறப்பட்ட பிறகு, சுமார் 10 நானோ வினாடிக்கு ஒரு முறை அளவியின் திசையை மாற்றினார்கள். பாயின்ட்ஸ் மாற்றுவது போலத்தான்! அப்போதும் குவாண்டம் கணக்கே வென்றது. எஞ்சியிருந்த ஓட்டைகளை 2015-ல் வேறு குழுக்கள் அடைத்தன.

இதை வைத்து ஒளியை முந்திச் செய்தி அனுப்ப முடியாது. ஆனால் ஒட்டுக்கேட்டால் காட்டிக்கொடுக்கும் ரகசியத் தொடர்புக்கு இது வழி திறந்தது.

ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் இருவருடன் ஆஸ்பே 2022-ல் நோபல் பரிசு பெற்றார். பெல் 1990-லேயே காலமாகிவிட்டார். மேதைகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாதாடிய வழக்கில், கருவியை நுட்பமாகக் கட்டத் தெரிந்த ஓர் இளைஞரின் உழைப்பு வழி காட்டியது. பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதை மனதில் கொள்ளட்டும்.