பொது அறிவு: விடைக்குப் பின் ஒரு வினா

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் நூற்றுக்கணக்கான பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்த சில வாரங்களில் அவற்றுள் பெரும்பகுதி நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. விடையை மட்டும் படித்து, அது எவ்வாறு அமைந்தது என்பதைப் படிக்காமல் விடுவதே இதற்குக் காரணம். விடை கிடைத்ததும் நின்றுவிடாமல் ‘ஏன்?’, ‘எப்படி?’ என்று மேலும் ஒரு வினா எழுப்பினால், அச்செய்தி மனத்தில் வேரூன்றும். பலரும் அறிந்த நான்கு வினாக்களைக் கொண்டு இதனைப் பயின்று பார்ப்போம்.

1. புவியியல்

வினா: இந்தியத் திட்ட நேரம் எந்தத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது?

விடை: 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோடு.

ஏன் இந்தக் கோடு? நம் நாடு மேற்கே குஜராத்தில் ஏறத்தாழ 68 பாகையில் தொடங்கி, கிழக்கே அருணாசலப் பிரதேசத்தில் ஏறத்தாழ 97 பாகை வரை பரந்துள்ளது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82½ பாகைக் கோடு இவ்விரண்டிற்கும் ஏறக்குறைய நடுவில் அமைகிறது. புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால், 15 பாகைக்கு ஒரு மணி நேரம் ஆகும். 82½ஐ 15ஆல் வகுத்தால் 5½. கிரீன்விச் நேரத்தைவிட நாம் 5 மணி 30 நிமிடம் முந்தியிருப்பது இதனால்தான். நாட்டின் இரு கோடிகளுக்கும் இடையே உள்ள 29 பாகையை, பாகைக்கு 4 நிமிடமாகப் பெருக்கினால் ஏறத்தாழ 2 மணி நேரம். கிழக்கு எல்லையில் கதிரவன் உதித்து அவ்வளவு நேரம் கழிந்த பின்னரே மேற்கு எல்லையில் பொழுது புலர்கிறது. ஒரு வகுத்தல் கணக்கை அறிந்தவருக்கு இவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் தேவையே இல்லை.

2. அறிவியல்

வினா: தேசிய அறிவியல் நாள் எது?

விடை: பிப்ரவரி 28. சர் சி.வி. இராமன் தம் கண்டுபிடிப்பை 1928ஆம் ஆண்டு இந்நாளில் அறிவித்தார்.

அக்கண்டுபிடிப்பு எங்கே தொடங்கியது? கடல் நீலமாகத் தோன்றுவது வானத்தின் பிரதிபலிப்பே என்ற கருத்து அக்காலத்தில் நிலவியது. 1921இல் கப்பலில் பயணம் செய்த இராமன் அதனை ஐயுற்றார். நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை ஒரு பட்டகத்தின் வழியே நீக்கிவிட்டுப் பார்த்தார், நீலம் மறையவில்லை. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று உணர்ந்தார். ஒளிச்சிதறலைத் தொடர்ந்து ஆராய்ந்து, சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி தன் அலைநீளத்தை மாற்றிக்கொள்கிறது என்பதை மாணவர் கே.எஸ். கிருஷ்ணனுடன் கண்டறிந்தார். 1930இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இராமன் 1907 முதல் பத்தாண்டுகள் இந்திய அரசின் நிதித்துறை அதிகாரியாகப் பணியாற்றியவர். அலுவலக நேரம் போக, காலையிலும் மாலையிலும் கல்கத்தாவில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் அவர் உழைத்தார்.

3. இலக்கியம்

வினா: இலக்கியத்திற்கான நோபல் பரிசை முதலில் பெற்ற இந்தியர் யார்?

விடை: இரவீந்திரநாத் தாகூர், 1913.

எந்த நூலால் அவர் புகழ் மேலைநாடுகளில் பரவியது? ‘கீதாஞ்சலி’ என்பர். ஆனால், அப்பெயரில் இரு நூல்கள் உண்டு. 1910இல் வெளிவந்த வங்க நூலில் 157 பாடல்கள். 1912இல் இலண்டனில் வெளிவந்த ஆங்கில நூலில் 103. பின்னது முன்னதன் நேரடி மொழிபெயர்ப்பு அன்று. தம்முடைய பல வங்கத் தொகுப்புகளிலிருந்து தேர்ந்த பாடல்களைத் தாகூரே ஆங்கில உரைநடையில் ஆக்கிய தொகுப்பு அது. கவிஞருக்கு வங்கித் துறையோடும் தொடர்பு உண்டு. கடனில் தவித்த உழவர்களுக்கு உதவ, இன்று வங்காளதேசத்தில் உள்ள பதிசர் என்னும் ஊரில் 1905இல் வேளாண் வங்கி ஒன்றை அவர் நிறுவினார். நோபல் பரிசுத் தொகையையும் அதில் வைப்பாக இட்டார்.

4. திரைப்படம்

வினா: இந்தியாவின் முதல் பேசும் படம் எது?

விடை: அர்தேஷிர் இரானி இயக்கிய ‘ஆலம் ஆரா’, 1931.

அப்படத்தை இன்று பார்க்க முடியுமா? முடியாது, அதன் படி ஒன்றேனும் எஞ்சியதாகத் தெரியவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்திற்கும் இதே கதிதான். அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பொருளால் ஆனவை. வெப்பத்திலும் ஈரத்திலும் அவை சிதைந்தன. படச்சுருளில் கலந்திருந்த வெள்ளிக்காகவும் பல படங்கள் அழிக்கப்பட்டன. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தோன்றியது. அதற்குள் ஒரு தலைமுறையின் கலைச்செல்வம் பெருமளவு மறைந்துவிட்டது.

பயிற்சி முறை

குறிப்பேட்டில் ஒவ்வொரு விடைக்கும் கீழே ஒரு ‘ஏன்’ அல்லது ‘எப்படி’ எழுதுங்கள். பின்னர், அதனை வேறொரு செய்தியோடு இணையுங்கள். தாகூர் நோபல் பரிசு பெற்ற 1913இல்தான் தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ திரைக்கு வந்தது. ஓர் ஆண்டை நினைவில் கொண்டால் இரு செய்திகள் உடன் வரும்.

இப்பழக்கம் தேர்வறைக்கு வெளியேயும் பயன்படும். 1,00,000 ரூபாய்க் கடனுக்கு வட்டி 10 விழுக்காடு, 12 மாதத் தவணை என்று ஒருவர் கூறினால், ‘10’ என்ற விடையோடு நின்றுவிடாதீர்கள்; எதன் மீது கணக்கிடுகிறீர்கள் என்று கேளுங்கள். முழு அசலின் மீதே ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் வட்டி 10,000 ரூபாய். மாதந்தோறும் குறையும் நிலுவையின் மீது கணக்கிட்டால் ஏறத்தாழ 5,500 ரூபாய். இரண்டிற்கும் விகிதம் ஒன்றே. கூடுதலாகக் கேட்ட ஒரு வினாவின் மதிப்பு ஏறத்தாழ 4,500 ரூபாய்.